சுவரே, மாமியிடம் சொல்

கண் ஆபரேஷனுக்கு மேடான் நகரத்துக்குப் போனால் நான் எங்கே தங்குவது என்பதில் என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் ஒரு முடிவு இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து ஆரஞ்சுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தப் பக்கம் இருந்தவள், கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை கிடைக்கும் என்றாள். இந்தப் பக்கம் இருந்தவள், சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரில் அறை எடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றாள். இருவருக்கும் தலையாட்டிக்கொண்டே ஒரு பழத்தை எடுத்து நல்ல கூடையில் போட்டேன். சட்டென்று பேச்சு நின்றது. அந்தப் பக்கத்துக்காரி கூடைக்குள் கையை விட்டு அந்தப் பழத்தை எடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் அழுகல் குவியலில் போட்டாள். நாலு வார்த்தை வைதிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். வையாமல் விட்டாள் பாருங்கள், அதுதான் சுருக்கென்று தைத்தது.

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் முதலில் வலது கண்ணைச் செய்துவிடலாம், இடதுக்கு வேறு மருந்து போட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார். அதாவது வலது கண்ணைக் கட்டிவிட்டால் கட்டு அவிழ்க்கும்வரை நான் குருடி. யாராவது கூட இருந்தாக வேண்டும். சொட்டு மருந்து விட வேண்டும், குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அழுத்தி மெல்லக்கூடாது. வெற்றிலைகூடப் போடக்கூடாது என்றதும், இந்த டாக்டர் என்னைக் கொல்லத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

என் ஓரகத்தி நந்தே புலுங்குக்கு மேடானில் மாடிவீடு இருந்தது. நந்தே என்றால் அம்மா. எங்களில் பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவள் புலுங்கின் அம்மா. நான் நந்தே ரேஹுலினா. பிள்ளை போய்விட்டது, பெயர் போகவில்லை. ஊரில் எல்லோரும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன். ஓரகத்தி தினமும் போன் செய்து, "எங்க வீட்ல வந்து ராணி மாதிரி இருங்கக்கா" என்பாள். அவள் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து ஊரின் மறுகோடியில். அதோடு அவள் வாய் ஓயாது. கண்ணைக் கட்டிவிட்டால் காதையும் கட்டிக்கொள்ள முடியுமா? அதனால் திருச்சபை விடுதியில் ஒரு கட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவிலேயே ஒரு வீடு இருந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அது சங்காப்பின் வீடு, என் மருமகன் வீடு.

எங்கள் காரோ ஜனங்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. தொடுவதில்லை, ஒரே பாயில் உட்காருவதில்லை, ஒரு வீட்டில் தனியாக இருப்பதுமில்லை. ரெபு என்போம். சண்டையும் இல்லை, வெறுப்பும் இல்லை, மரியாதை. கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை "வா தம்பி, சாப்பிடு" என்று பேசியவள்தான், மறுநாளோடு வாயை மூடிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் சுவரிடமோ சட்டியிடமோ சொல்ல வேண்டும், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

எங்களுக்கு நடுவில் இருந்த ஆள் என் மகள் ரேஹுலினா, எங்களுக்கு லினா. அவளைவிடப் போக்கிரியான தூது இந்தச் சுமத்ராவிலேயே இருந்திருக்காது. "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பேன். அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார். லினா அவர் பக்கம் திரும்பி, "அம்மா கேக்குறாங்க, இவ்வளவு தின்னும் இன்னும் அடங்கலையான்னு" என்பாள். அவர் பதறிப்போய், "போதும்னு சொல்லு. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்பார். அவள் என்னிடம், "உப்பே இல்லையாம்மா" என்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து, "அடுப்பே, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு மாமிகிட்ட சொல்லு" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நேரில் ஒரு வார்த்தை பேசாமலேயே அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

லினாவுக்கு டெங்குக் காய்ச்சல். நான் எங்கள் மலையூர் பெராஸ்தாகியிலிருந்து இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளையும் இல்லை அவர்களுக்கு. அடக்கத்தன்று அவர் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார், நான் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. கடைசியில் என்ன சொன்னாள், தண்ணீர் கேட்டாளா, என்னைத் தேடினாளா? எங்கள் பேச்சைக் கொண்டுபோக இருந்தவளோ பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். கிறிஸ்துமஸுக்கு பஸ் டிரைவர் கையில் எனக்கு ஒரு பொட்டலம் வரும். நான் ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்புவேன். பொட்டலத்துக்குள் துணியோ மருந்தோ இருக்கும், எழுத்து எதுவும் இருக்காது. அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

மேடானில் பஸ் நின்றதும் முதலில் கேட்டது ஓரகத்தியின் குரல்தான். கார் கொண்டுவந்திருந்தாள். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "விடுதியாம் விடுதி! ஏறுங்கக்கா வண்டில" என்றாள். அப்போது மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், விளக்குக் கம்பத்தின் ஓரமாக, நீளமாக ஒரு ஆள் நிழல் மாதிரி தெரிந்தது. கையில் குச்சி போல என்னவோ. என் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் கொஞ்சம் ஒருக்களித்து, முகத்தை எனக்குக் காட்டாமல் நிற்கிற அந்த நிலை இருக்கிறதே, அது மருமகன் நிற்கிற நிலை.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றாள் ஓரகத்தி, அவர் காதில் விழும்படியே.

பஸ் டிரைவர் சொல்லியிருப்பார். வேறு யார்!

"கம்பமே" என்று குரல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "கம்பமே, மாமிகிட்ட சொல்லு. வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடிதான் இருக்கு. நான் ராத்திரி கடையில படுத்துக்குவேன். பக்கத்து வீட்டு சுமி அக்கா மாமிக்குத் துணையா வந்து படுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கம்பத்திடம் பேசுவதைக் கேட்டு மூன்று சக்கரப் பெச்சா ஓட்டுகிற ஒருவர் வண்டியை மெதுவாக்கி வேடிக்கை பார்த்தார். காரோக்காரராக இருக்க மாட்டார்.

ஓரகத்தி என் காதருகே குனிந்தாள். குனிந்தாள் என்றுதான் பெயர், குரல் குனியவில்லை. "இனிமே என்னக்கா ரெபு? பொண்ணே போய்ச் சேர்ந்துட்டா. நாளைக்கு அவன் வேற ஒருத்தியக் கட்டிக்குவான். உங்களுக்கு அவன் யாரு? வழியில போற ஆளு. நேராவே சொல்லுங்க. 'வந்ததுக்கு சந்தோஷம் தம்பி, நீ கிளம்பு'ன்னு சொல்லிட்டு வாங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவள் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. வழியில் போகிற ஆளிடம் யாரும் நேராகப் பேசலாம், பஸ் டிரைவரிடம் பேசுகிறேனே. இவரிடம் பேசக்கூடாது என்பதுதான் இவர் இன்னும் என் மருமகன் என்பதற்கு அடையாளம். 'சந்தோஷம் தம்பி' என்று ஒரே ஒரு வாக்கியம், அதோடு கதை முடிந்தது. அவர் யாரோ, நான் யாரோ. லினா அந்த வீட்டில் வாழ்ந்ததேகூட யாரோ வாழ்ந்ததாகிவிடும். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன், விடுதிக்குப் போகிறேன் என்று அவரிடமே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று.

"கம்பமே" என்று அவர் குரல் மறுபடியும் வந்தது, இந்த முறை மெதுவாக. "மாமி எங்க தங்கினாலும் சரிதான். விடுதியில தங்கினா, என்னை எந்த இடத்துல வச்சிருக்காங்கன்னு நான் கேக்க மாட்டேன். தெரிஞ்சுக்குவேன்."

அடேயப்பா. அந்த மனிதர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. லினா இருந்திருந்தால் இதைப் பாதியாக வெட்டி, கேலி சேர்த்துக் கொடுத்திருப்பாள். இப்போது கலப்படமில்லாமல் வந்து விழுந்தது.

நான் கம்பத்தின் பக்கம் திரும்பினேன். "கம்பமே, அவர்கிட்ட சொல்லு. அந்தச் சாக்குல ஆரஞ்சு இருக்கு, அடிபடாமத் தூக்கச் சொல்லு."

"நல்லா இருக்கு!" என்றாள் ஓரகத்தி. "போங்க, கம்பத்தோடயே குடும்பம் நடத்துங்க." கோபம்தான். ஆனாலும் காரிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து என் கையில் திணித்தாள். மஞ்சளும் மிளகாயும் போட்டுச் செய்த மீன். எனக்காக விடியலிலேயே எழுந்து செய்திருக்கிறாள். பேச்சுதான் அவளுக்கு அப்படி, கை அப்படியில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. லினாவின் வாசனை அடிக்கும், உடைந்து உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். சோப்பும் பழைய காகிதமும்தான் மணத்தன. தடவிப் பார்த்துக்கொண்டே போனபோது கையில் ஒரு கயிறு தட்டுப்பட்டது. துணி காயப்போடும் நைலான் கயிறு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. பிடித்துக்கொண்டே நடந்தேன். கட்டிலிலிருந்து கழிப்பறை வாசல்வரை போனது. அங்கிருந்து இன்னொரு கயிறு சமையலறை நாற்காலிவரை. திருப்பங்களில் எல்லாம் துணி சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார், திரும்ப வேண்டும் என்று கைக்குத் தெரிவதற்காக. என்னைத் தொட்டு அழைத்துப்போக முடியாதவர் வீட்டையே என் கைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்சநேரம் நின்றேன். பெற்ற மகன் இருந்தால் இதைச் செய்திருப்பானா என்று தெரியவில்லை.

சுமி ஜாவாக்காரி. காலையில் வாசலில் சோறும் கீரையும் வேர்க்கடலைக் குழம்பும் விற்பவள். நாங்கள் பேசிக்கொள்ளாததைப் பார்த்து முதல் நாளே என்னிடம் ரகசியமாக, "என்னம்மா சண்டை? நான் சமாதானம் பண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"சண்டையே இல்லைம்மா. எங்க வழக்கம் அது."

"பேசாம இருக்கிறதா? எங்க வீட்டுக்காரர் காரோவாப் பொறந்திருக்கணும்" என்று சிரித்தாள். எங்களுக்கு நடுவில் நிற்கிற ஆளாகவும் அவள் பிரயோஜனப்படவில்லை. நான் நாலு வாக்கியம் சொன்னால் வாசலைப் பார்த்து, "தம்பி, ஒண்ணுமில்லையாம், நீ போ" என்று முடித்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண்ணுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அறுவை முடிந்து, கண்ணில் கட்டோடு என்னை வெளியே உட்காரவைத்தார்கள். "சார், உங்கம்மாவைத் தலையைத் தூக்கியே வச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். நாற்காலி காலை உதைக்கிற சத்தம் கேட்டது, அவர் தவிப்பில் உதைத்திருப்பார். பிறகு, "நாற்காலியே, மாமிகிட்ட சொல்லு, தலையைத் தூக்கி வச்சுக்கணுமாம்" என்றார்.

"சார், ஆபரேஷன் நாற்காலிக்கா?" என்றாள் நர்ஸ்.

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் கண் குலுங்கும் என்று பல்லைக் கடித்தேன். பக்கத்தில் காத்திருந்த யாரோ ஒரு காரோ மனிதர், "பொண்ணே, அவங்க மாமியாரும் மருமகனும். அப்படித்தான் பேசுவாங்க, நீ உன் வேலையைப் பாரு" என்று சொன்னதும்தான் அவள் விட்டாள். அந்த மனிதர் யாரென்று தெரியாது. அவருக்கும் நன்றி.

வீட்டுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நான் குச்சி என்று நினைத்தது இந்தக் குடைதான். மடித்த குடையின் வளைந்த பிடியை என் கையில் வைத்துவிட்டு, கூர் முனையை அவர் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பள்ளம் வந்தால் குடை லேசாகத் தாழும், படி வந்தால் உயரும். முதலில் எனக்குப் பிடிபடவில்லை, தடுக்கினேன். பாதித் தெருவில் பழகிவிட்டது. ஜனங்கள் பார்த்திருப்பார்கள், சிரித்திருப்பார்கள். கண் தெரியாததில் அது ஒரு வசதி.

மறுநாள் மத்தியானம் சுமி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். சீக்கிரம் வந்துவிடுவேன் என்றாள். மழை பிடித்துக்கொண்டது. சொட்டு மருந்து விடுகிற வேளை வந்து, தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் வாசல் கதவையும் ஜன்னலையும் அகலத் திறக்கிற சத்தம் கேட்டது. தெருவே பார்க்கட்டும் என்று திறந்திருப்பார்.

"சுவரே, மாமிகிட்ட கேளு. மருந்து நேரம் தப்பக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சொட்டுதானே தொடும், நான் தொட மாட்டேனே, அது பரவாயில்லையான்னு கேளு."

இதற்கு ரெபுவில் இடம் உண்டா இல்லையா என்று யாரைக் கேட்பது? முன்னோர் யாரும் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு மேடானில் தங்கியிருக்க மாட்டார்கள். "சுவரே, சொட்டு போடறதுக்கு நீ ஒண்ணும் ஆட்சேபம் சொல்லாத" என்றேன்.

கட்டை நானே விலக்கிக் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றார். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில்.

"சுவரே, மாமியை அசையாம இருக்கச் சொல்லு."

"சுவரே, அசையறது நான் இல்லை. அவர் கைதான் நடுங்குதுன்னு சொல்லு."

மூன்றாவது சொட்டு கண்ணுக்குள் விழுந்து எரிந்தது. கட்டை மூடிக்கொண்டேன். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது.

"சுவரே" என்றார். "மாமிகிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமாச் சொல்லணும்னு இருக்கேன். யார் மூலமாச் சொல்றது? பஸ் டிரைவர்கிட்டயா சொல்லி அனுப்புறது?"

நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"காய்ச்சல்ல கிடக்கும்போது லினா சொன்னா. 'எங்கம்மாவுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. போன தடவை அழுகல் பழத்தை எடுத்து நல்ல கூடையில போட்டாங்க. நான் பேசாம எடுத்து மாத்திட்டேன். கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, வீம்பு பிடிச்ச மனுஷி. நீ கூட்டிட்டு வந்து காட்டு. வேற எங்கயும் தங்க விட்டுடாத, நம்ம வீட்லயே வச்சுப் பாத்துக்க'ன்னா. 'நான் எப்படிடி அவங்ககிட்ட பேசறது'ன்னு கேட்டேன். 'சுவர்கிட்ட பேசு'ன்னு சிரிச்சா. எந்திரிச்சுடுவான்னுதானே நினைச்சேன், நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வருடமாக என் மகள் எதையும் சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைத்து நான் மருகிக்கொண்டிருந்தேன். அவள் வைதுவிட்டுப் போயிருக்கிறாள்! காய்ச்சலில் கிடந்துகொண்டு, வீம்பு பிடித்த மனுஷி என்று. என்னைத் தேடியிருக்கிறாள், என் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். அழக்கூடாது, அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று என்னையே அதட்டிக்கொண்டேன். கேட்டால்தானே? கட்டுக்குள் தண்ணீர் நிறைந்தது.

"சுவரே" என்றேன். "என் மக வாயை நான் அடக்கி வளர்த்திருக்கணும்னு அவர்கிட்ட சொல்லு."

பின்னால் அவர் சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவே முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"இன்னொண்ணும் சொல்லு, சுவரே. இத்தனை நாள் அந்தப் பேச்சைப் பத்திரமா வச்சிருந்ததுக்கு அவருக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இந்தக் கயித்துக்கும் சேர்த்துத்தான். என் மக நல்ல இடத்துலதான் இருந்திருக்கா."

சுமி கல்யாணச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். கண் குலுங்கினால் குலுங்கட்டும்.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் கையை உயர்த்தி எத்தனை விரல் என்று கேட்டார். விரலைச் சொன்னேன். அவர் நகம் வெட்டாமல் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓரகத்தி போன் செய்தாள். "தெரியுதாக்கா? நல்லது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப இடது கண்ணுக்கு எங்க தங்கப் போறீங்க?"

"சுவர் இருக்கிற வீட்ல" என்றேன். அவள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு, மீன் பிடித்திருந்ததா, சட்டியைத் திருப்பி அனுப்புங்கள் என்றாள்.

அவர் படிக்கட்டருகே நின்றுகொண்டிருந்தார், முகத்தைத் திருப்பியபடி. பின்பக்கம்தான் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கருகருவென்று இருந்த தலை, காதோரம் எல்லாம் வெளுத்திருந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் பிரிந்திருந்தது, தைத்துக் கொடுக்க ஆளில்லை. இப்படித் தெளிவாகப் பார்ப்பதற்குத்தானா கண் கேட்டேன் என்று ஒரு நிமிடம் இருந்தது. காலரைத் தைத்துவிடலாம் என்று அடுத்த நிமிடம் நினைத்தேன். சுமியிடம் ஊசி இருக்கும்.

டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைத் துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். எனக்குப் படி தெரிந்தது. தெரு தெரிந்தது. குடை தேவையே இல்லை. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் பழக்கத்தில் மடித்த குடையைப் பின்னால் நீட்டினார். நான் பிடியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு படி இறங்கியிருப்போம்.

"லினா, அம்மாகிட்ட சொல்லு" என்றார். "கடைசிப் படி கொஞ்சம் உயரம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குடை அப்படியே நின்றது. சுவர் என்று சொல்ல வந்தவர், அந்தப் பழைய நாட்களில் ஆயிரம் முறை சொன்னதைச் சொல்லிவிட்டார். திரும்பாமல் நின்றார்.

"லினா, அவர்கிட்ட சொல்லு" என்றேன் நான். "எனக்குத் தெரியுதுன்னு."

தெருவுக்கு வந்ததும் தூற ஆரம்பித்தது. அவர் குடையை விட்டுவிட்டு நாலடி முன்னால் போய் நின்றுகொண்டு, "லினா, விரிச்சுக்கச் சொல்லு. கண்ணுல தண்ணி படக்கூடாது" என்றார். விரித்தேன். அவர் நனைந்துகொண்டே நடந்தார். பிரிந்த காலருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு எப்படி வருவது? எட்டி நடந்து, கையை முன்னால் நீட்டி, குடையின் முன் ஓரம் அவர் தலைக்கு மேல் வரும்படி பிடித்தேன். பின் ஓரம் என் நெற்றிக்கு மேல் இருந்தது, தோள் நனைந்தால் நனையட்டும். அவர் திரும்பவில்லை, நடையை மட்டும் எனக்கு ஏற்றபடி மெதுவாக்கிக்கொண்டார். சுமி தன் வாசலிலிருந்து, "குடையை இப்படியா பிடிப்பாங்க!" என்று கத்தினாள். கை வலித்தது, ஆனாலும் நான் இறக்கவில்லை. அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவில், குடைக்கு நேர் கீழே, ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் மட்டும் மழை படாமல் எங்களோடு வந்துகொண்டிருந்தது.